டத்தோவைக் காக்க வைத்த தம்புசாமி

மன்றத் தலைவர் அவர்களே, மேடையை நிறைத்து அமர்ந்திருக்கும் செயலவையினரே, நாற்காலி கிடைக்காமல் பின்சுவரோரம் நிற்கும் முக்குளிப்பு நண்பர்களே, திருமதி சந்திரகலா தம்புசாமி அவர்களே! வணக்கம்.

நம் கிள்ளான் முக்குளிப்பு மன்றத்தின் ஆழ்கடல் திட்டப் பொறுப்பாளராக இருந்த பெரியவர் தம்புசாமி அவர்களுக்கு அஞ்சலி செலுத்த இன்று பிரிக்பீல்ட்ஸில் கூடியிருக்கிறோம். ‘இருந்த’ என்கிறேன். அந்தப் பொறுப்பிலிருந்து அவரை மரணம் நீக்கவில்லை. நாம் நீக்கினோம்.

ஏன் நீக்கினோம்?

ஆழத்தில் உடலுக்குள் கரையும் வாயு, அவசரமாக மேலே வந்தால் குமிழாகும். முடக்கும்; கொல்லும். எனவே நின்று நின்றுதான் ஏற வேண்டும். இது இங்குள்ள எல்லாருக்கும் தெரியும். ஆனால் குழுவில் வலுவானவரை வைத்து அந்த நிறுத்தங்களைத் திட்டமிடக் கூடாது, அதிகம் களைக்கப் போகிறவரை வைத்தே திட்டமிட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர் யார்? தம்புசாமி! நீரோட்டம் இழுத்தால் பின்பற்ற, நீண்ட நிறுத்தங்களோடு இரண்டாவது திட்டம் ஒன்றை எப்போதும் வைத்திருந்தவர் யார்? தம்புசாமி! அந்த இரண்டாவது திட்டத்துக்கும் போதுமான காற்றுக் கலங்கள் படகிலிருந்து இறக்கிய கயிற்றில் தொங்காமல் அவர் யாரையும் நீரில் இறங்க விட்டதில்லை.

தியோமான் கடலில் நாம் நடத்திய ஆண்டு விழாவை மறந்திருக்க மாட்டீர்கள். படகில் மாலை, பொன்னாடை, ஒலிபெருக்கி, மேலே வருபவர்களுக்குப் போர்த்திவிடச் சிறப்பு விருந்தினராக ஒரு டத்தோ. கீழே நம் குழு. குழுவில் இருந்த மாதவி நீரோட்டத்தோடு போராடிக் களைத்துவிட்டதாகக் கயிறு வழியே சைகை வந்தது. குழு இரண்டாவது திட்டத்துக்கு மாறியது. மேலே பொறுமை தீர்ந்தது. அன்றைய செயலாளர் பழனியப்பன், இதோ மேடையில் இருக்கிறார், தம்புசாமியிடம் ஓடினார்.

“அண்ணே, டத்தோவுக்கு அடுத்த ஃபங்ஷன் இருக்கு. கயித்த இழுத்து மேல வரச் சொல்லுங்க லா!”

“அவருக்கு அவசரம்னா அவரு போகட்டும். இவங்க நின்னு முடிச்சிட்டுதான் வருவாங்க.”

“ஒரு பொன்னாடை போத்துறதுக்குள்ள என்னண்ணே ஆயிடும்?”

“போத்துறது பொன்னாடையா, கோடித் துணியான்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க.”

டத்தோ கிளம்பிவிட்டார். அதற்குப் பிறகுதான் மாதவி மேலே வந்தார். குமிழ் தங்கினால் மூட்டில்தான் வலி தெரியும்; தம்புசாமி முதலில் அதைத்தான் கேட்டார்.

“மூட்டு எங்கயாச்சும் வலிக்குதாம்மா?”

“வயித்துலதாண்ணே. பசி.”

அந்தப் படகில் சிரித்த ஒரே மனிதர் தம்புசாமி. மற்ற முகங்கள் எனக்கு நினைவிருக்கின்றன. சில முகங்கள் இன்று மாலையோடு வந்திருக்கின்றன.

மன்றத்தின் மானத்தை வாங்கிவிட்டார் என்று தீர்மானம் போட்டோம். ஆலோசகர் என்று ஒரு பட்டம் கொடுத்தோம். ஒருமுறையாவது ஆலோசனை கேட்டோமா?

மருத்துவமனையில் அவரைக் கடைசியாகப் பார்த்தபோது, “அடுத்த மாசம் பிளான் யாரு போடுறா?” என்றார்.

“எங்க நிக்கணும்னு சொல்ற கம்ப்யூட்டர எல்லாரும் கையில கட்டியிருக்காங்கண்ணே.”

“அது சரியாத்தான் சொல்லும். இவங்க கேப்பாங்களா?”

கேட்க மாட்டார்கள் அண்ணே! அதே கடலுக்கு அடுத்த மாதம் போகிறோம். ‘பதினொரு மணிக்குப் பொன்னாடை’ என்று அழைப்பிதழ் அச்சாகிவிட்டது. அந்த மணிக்கு ஏற்றபடி நிறுத்தங்களையும் குறைத்துவிட்டார்கள். இதுதான் நாம் அவருக்குச் செலுத்தும் அஞ்சலியா?

நண்பர்களே, காற்றுக் கலங்களை நிரப்பும் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. அவர் வேலையை நான் தொடரப் போவது இப்படித்தான்: அழைப்பிதழை மாற்றுங்கள். நேரம் என்ற இடத்தில், ‘கடைசி ஆள் ஏறி வந்த பிறகு’ என்று போடுங்கள். அது என் கைக்கு வரும்வரை ஒரு கலம்கூட நிரம்பாது.