வெள்ளைக்கோடு இல்லாத பதினொரு சக்கரங்கள்

மேடையில் அமர்ந்திருக்கும் சங்கத் தலைவர் தாண்டவராயன் ஐயா அவர்களே, எங்கள் ஒர்க்‌ஷாப் உரிமையாளர் ராபர்ட் சார் அவர்களே, முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சிங்காரம் ஐயா அவர்களே, கடலூரிலும் சிதம்பரத்திலும் இன்று உலையை அணைத்துவிட்டு வந்திருக்கும் பட்டறைக்காரர்களே, அந்த உலைகளுக்குக் காற்றடிக்கும் அக்காமார்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

எனக்கு மேடைப் பேச்சு பழக்கமில்லை. நான்கு மணிக்குக் கரண்ட் போய்விடும், அதற்குள் முடித்துவிடம்மா என்று ராபர்ட் சார் சொல்லியிருக்கிறார். அதுவே எனக்குக் கொஞ்சம் தைரியம்.

என் பெயர் மோகனப்பிரியா. ஊர் தேவனாம்பட்டினம். எங்கள் வீட்டில் காலேஜ் படி ஏறிய முதல் ஆள் நான்தான். ராபர்ட் சாரின் ஒர்க்‌ஷாப்பில் ஆறு வருடமாக டிராயிங் போடுகிறேன். நாங்கள் செய்வது ஒரே ஒரு பொருள். கொல்லுப் பட்டறை உலைக்குக் காற்று அடிக்கும் கை ப்ளோயர். ஒரு பெரிய சக்கரம், அதைச் சுற்ற ஒரு கைப்பிடி, சக்கரத்திலிருந்து ஒரு பெல்ட், பெல்ட்டின் மறுமுனையில் கூட்டுக்குள் சுழலும் இறக்கை. அவ்வளவுதான். கரண்ட் இல்லாத நேரத்திலும் இரும்பு சிவக்கும். இந்த வருடம் நம் ஊரில் கரண்ட் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டுமா?

அந்த ஒர்க்‌ஷாப்பின் செக்கிங் பொறுப்பாளர், தில்லையம்மாள் அவர்கள், இன்று நம்மிடையே இல்லை. சிங்காரம் ஐயாவின் மனைவி. அவர் பட்டறையில் முப்பத்தொரு வருடம் சக்கரம் சுற்றியவர். கடைசி ஐந்து வருடம் தினமும் சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு பஸ் ஏறி எங்களிடம் வந்தவர். நமக்கெல்லாம் தில்லையக்கா. புரட்டாசியில் ஒரு திங்கட்கிழமை, மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை என்று சிங்காரம் ஐயா சொன்னார். நல்ல வாழ்வு வாழ்ந்தவருக்கு நல்ல சாவு. அதனால் நான் இங்கே அழப்போவதில்லை. அழுதால் அவருக்குப் பிடிக்கவும் பிடிக்காது.

ஆனால் ஒரு கேள்வி நிற்கிறது. எங்கள் ஒர்க்‌ஷாப் சுவரோரம் பதினொரு ப்ளோயர்கள் நிற்கின்றன. பெயிண்ட் காய்ந்துவிட்டது. கேட்டவர்கள் காத்திருக்கிறார்கள். அவற்றை அனுப்பலாமா கூடாதா? ஏன் இந்தக் கேள்வி? அவற்றில் தில்லையக்கா போடும் வெள்ளைக்கோடு இல்லை!

வெள்ளைக்கோடு என்றால் என்ன என்று பட்டறைக்காரர்களுக்குத் தெரியும். வெளியிலிருந்து வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு ப்ளோயர் முடிந்ததும் தில்லையக்கா அதன் முன்னால் ஒரு பலகையைப் போட்டு உட்காருவார். அரை நாள் சுற்றுவார். முழுதாக அரை நாள். பிறகு சுற்றிய கையை அப்படியே தலைக்குத் தூக்கித் தன் முடியை அவிழ்த்துக் கொண்டை போடுவார். கை ஏறினால், கொண்டை நின்றால், கூட்டின் மேல் சாக்பீஸால் ஒரு கோடு. கை ஏறவில்லையா? கோடு கிடையாது. ப்ளோயர் திரும்பப் பழனிவேல் அண்ணனிடம் போகும். அவர்தான் எங்கள் ஃபிட்டர்.

முதல் மாதம் ராபர்ட் சார் கேட்டார்.

“அரை நாளா? பத்து நிமிஷம் சுத்திப் பாத்தா போதாதாம்மா?”

“போதும் சார். பத்து நிமிஷத்துல இரும்பு வேலைய முடிக்கிற கொல்லன் ஒருத்தன காட்டுங்க, அவுனுக்குக் கோடு போட்டுத் தர்றேன்.”

ராபர்ட் சார் அதற்குப் பிறகு கேட்கவில்லை. இப்போதும் சிரிக்கிறார், பாருங்கள்.

கொண்டை எதற்கு? இதை நான் கேட்டிருக்கிறேன். சக்கரம் சுற்றும் பெண்களுக்கு முதலில் போவது தோள். சமைக்கலாம், துவைக்கலாம், ஒப்பேற்றிவிடலாம். ஆனால் சாயங்காலம் தலைவார கை மேலே போகாது. தில்லையக்காவுக்கே நாற்பது வயதிலிருந்து அவர் தங்கைதான் தலைவாரி விட்டாராம். “எஞ் சொந்தத் தல எனக்கு எட்டல பாத்துக்க” என்பார். ஒரு சக்கரம் சுற்றுகிறவரின் தோள் சாயங்காலம் வரை தாங்க வேண்டும். அவர் உயிரை வைத்திருந்தது இந்த ஒரு விஷயத்தில்தான். வேறு எதற்கும் அவர் எங்களோடு சண்டை போட்டதில்லை.

எனக்கு முன்னால் பேசிய தாண்டவராயன் ஐயா ஒரு வழி சொன்னார். வட்டமாகச் சுற்றாமல் இழுத்தே ஓட்டும் இழுவைச் சக்கரத்தைக் கண்டுபிடித்த பெண்ணே ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறாள், படித்த பிள்ளை, அவள் டிராயிங் சரியாக இருந்தால் போதாதா, இனி எதற்குக் கோடு என்றார். என் மேல் உள்ள பிரியத்தில் சொன்னார். நீங்களும் கை தட்டினீர்கள்.

ஐயா, மன்னிக்க வேண்டும். இழுவைச் சக்கரத்தை நான் கண்டுபிடிக்கவில்லை. அது என்னுடைய தப்பு. தப்பு என்றால் உண்மையாகவே தப்பு! ஐந்து வருடமாக இதை இரண்டு பேர்தான் அறிவோம். அதில் ஒருவர் போய்விட்டார். இன்று நான் சொல்லியாக வேண்டும்.

2007-ஆம் வருடம். இதே சிதம்பரம், இதே மண்டபம். அதோ அந்தத் தூணுக்குப் பக்கத்தில் மணல் கொட்டி ஒரு உலை வைத்திருந்தார்கள். உங்களில் பாதிப் பேர் அன்று இருந்தீர்கள். நாங்கள் புது மாதிரி ப்ளோயர் ஒன்றைக் காட்டக் கொண்டுவந்திருந்தோம். பழைய சக்கரத்தில் கையை எடுத்தாலும் கைப்பிடி வேகமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும், விரல் முட்டியில் அடிக்கும். சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரம் ஓடுகிறது அல்லவா? அந்த ஃப்ரீவீலைக் கைப்பிடிக்கும் சக்கரத்துக்கும் நடுவில் வைத்தால் என்ன? யோசனை ராபர்ட் சாருடையது. டிராயிங் என்னுடையது.

சுற்றிக் காட்ட யாராவது வாருங்கள் என்றதும், சங்கத்துக்குப் புருஷனோடு வந்திருந்த தில்லையக்காவைத் தள்ளி விட்டார்கள். அதுதான் நான் அவரை முதல் முதலாகப் பார்த்தது. வந்தார், உட்கார்ந்தார், முப்பது வருடமாகச் சுற்றியபடி கைப்பிடியை முன்னால் தள்ளினார்.

டிக் டிக் டிக் டிக்.

கைப்பிடி மட்டும் சுற்றியது. பெரிய சக்கரம் அசையவே இல்லை. கரி அப்படியே கறுப்பாகக் கிடந்தது.

மண்டபமே சிரித்தது. “யம்மா, இது காத்தடிக்கிற மெஷினா, கடியாரமா?” என்று ஒருவர் கேட்டார். “ராபர்ட்டு, சைக்கிள வித்துப்புட்டு பெல்ல மட்டும் கொண்டாந்துட்டியா மச்சான்!” என்றார் இன்னொருவர். எனக்கு அந்த இடத்திலேயே மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது. ஏனென்றால் எனக்குப் புரிந்துவிட்டது. ஃப்ரீவீல் ஒரு திசையில்தான் பிடிக்கும், மறு திசையில் சும்மா ஓடும். நான் கொல்லர் நிற்கிற பக்கத்திலிருந்து பார்த்து வரைந்திருந்தேன். சுற்றுகிற பெண் உட்காருவது எதிர்ப் பக்கம். எனக்குச் சரியான திசை, அவருக்குத் தலைகீழ்.

தில்லையக்கா சிரிக்கவில்லை. தள்ளிய கைப்பிடியைத் தன் பக்கம் இழுத்தார். சக்கரம் ஒரு குதி குதித்தது. நிறுத்தினார். கைப்பிடியைப் பார்த்தார். மறுபடி முன்னால் தள்ளினார்: டிக் டிக், சும்மா போனது. இழுத்தார்: காற்று. தள்ளினார், சும்மா. இழுத்தார், காற்று. கைப்பிடி முழு வட்டம் போகவே இல்லை. மார்புக்கும் மடிக்கும் நடுவில் அரை வட்டம், போய்ப் போய் வந்தது. தோளுக்கு மேல் கை ஒரு தடவைகூட ஏறவில்லை! அந்த அரை இழுப்பில் பெரிய சக்கரம் தன் கனத்தில் ஓடிக்கொண்டே இருந்தது.

இறக்கை தலைகீழாகச் சுற்றியதால் காற்று மட்டும் கொஞ்சம் குறைவு. அதைக் கவனித்த பழனிவேல் அண்ணன் பெல்ட்டைக் கழற்றிக் குறுக்காக மாட்டினார். அப்புறம் பார்க்க வேண்டுமே! கரி வெள்ளையாகக் கனன்றது. சிரித்தவர்கள் எழுந்து நின்றார்கள்.

“இத யாரு இப்படி ஏற்பாடு பண்ணது?” என்று தாண்டவராயன் ஐயா கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் தில்லையக்கா சொல்லிவிட்டார்: “அதோ அந்தப் பொண்ணுதான். சுத்தறவ கைய நெனச்சி செஞ்சிருக்குது. உங்களுக்கெல்லாம் எங்க தெரியப் போவுது?”

கூட்டம் முடிந்து வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தேன். பக்கத்தில் வந்தார்.

“இன்னாத்துக்கு அழுவுற?”

“தப்பா வரைஞ்சிட்டேன்மா. போய்ச் சொல்லிடப் போறேன்.”

“சொல்லிடாதடி! தப்புன்னு தெரிஞ்சா நாளைக்கே கழட்டிப் பழையபடி மாட்டிடுவானுங்க. யோசிச்சி செஞ்சதுன்னாதான் இதே மாதிரி இன்னொண்ணு செய்வானுங்க. உனுக்கு மானம் போவுது, எனுக்குக் கை போவுது. எது ஜாஸ்தி?”

இன்று வரை வாயை மூடிக்கொண்டிருந்தேன். அடுத்த வாரம் அவரே ஒர்க்‌ஷாப் வாசலில் வந்து நின்றார். “நீங்க செய்யறத ஒரு பொம்பள சுத்திப் பாக்கணும் சார். உங்க பொண்ணு நல்லாதான் வரையுது, ஆனா அதுக்குச் சுத்தத் தெரியாது” என்று ராபர்ட் சாரிடம் வேலை கேட்டார். அடுத்த வருடம் பொங்கலுக்கு முந்தின நாள், தானே போட்ட கொண்டையோடு வந்தார். தலையைத் திருப்பிக் காட்டிவிட்டுப் பலகையில் போய் உட்கார்ந்தார். அதற்குப் பிறகுதான் கொண்டை செக்கிங்கில் சேர்ந்தது. அன்றைக்கு ஒர்க்‌ஷாப்பில் யாருக்கும் வேலை ஓடவில்லை.

தானே புயலை மறந்திருக்க மாட்டீர்கள். காடாம்புலியூரில் முந்திரியும் பலாவும் வேரோடு படுத்துக் கிடந்தன. வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. கோடாரியும் அரிவாளும் மழுங்கி மழுங்கிக் கிடந்தன. சங்கம் ஆறு ப்ளோயர்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்த் தார்ப்பாய்க்குக் கீழே ஆறு உலை மூட்டியது. அவசரத்தில் ஆறாவது ப்ளோயரைக் கோடு போடுவதற்கு முன்பே ஏற்றிவிட்டோம். இறக்கியதுமே தில்லையக்கா கண்டுபிடித்துவிட்டார்.

“இது எந்த வூட்டுப் புள்ள? நெத்தியில பொட்டு இல்ல?”

“யக்கா, ஊரே மரத்துக்கடியில கெடக்குது. இப்பப் போயி செக்கிங்கா?” என்றார் பழனிவேல் அண்ணன்.

“மரம் போனது போதாதாடா? இவுளுங்க கையும் போவணுமா?”

அந்தச் சக்கரத்தைச் சுற்ற வந்து உட்கார்ந்த உள்ளூர்ப் பெண் அமிர்தம் அக்காவை எழுப்பிவிட்டு, தானே உட்கார்ந்தார். மதியம் கையைத் தூக்கினார். பாதியில் நின்றுவிட்டது. கழற்றிப் பார்த்தால் பேரிங்கில் கிரீஸே இல்லை! பழனிவேல் அண்ணன் கிரீஸ் டப்பாவைத் தேடினார். அன்று தில்லையக்காவுக்குக் கொண்டை போட்டுவிட்டது அமிர்தம் அக்கா. இதோ, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.

தாண்டவராயன் ஐயா, அந்தப் பேரிங் என் டிராயிங்கில் சரியாகத்தான் இருந்தது. ஃப்ரீவீலும் என் டிராயிங்கில் சரியாகத்தான் இருந்தது. காகிதத்தில் எல்லாமே சரியாகத்தான் இருக்கும். காகிதத்துக்குத் தோள் உண்டா? அது சாயங்காலம் தலைவாரிக்கொள்ளுமா?

ராபர்ட் சார் சொன்னபடி கரண்ட் போய்விட்டது. பின்வரிசைக்குக் கேட்கிறதா? சரி, சத்தமாகவே பேசுகிறேன். இன்னும் கொஞ்சம்தான்.

அந்தப் பதினொரு ப்ளோயர்களின் முன்னால் கடந்த ஆறு நாளாக நான் உட்கார்ந்தேன். அவருடைய அதே பலகை. காலையில் ஒன்று, மதியத்துக்கு மேல் ஒன்று. முதல் நாள் கையை எங்கே வைப்பது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. ஆறு வருடம் வரைந்த பொருளை அன்றுதான் முதல் தடவையாக அரை நாள் சுற்றினேன். பதினொன்றில் ஒன்பதுக்குக் கோடு போட்டுவிட்டேன். அவை நாளைக் காலை வண்டி ஏறும்.

கடைசி இரண்டுக்குப் போடவில்லை. அவற்றின் கைப்பிடி இரண்டு விரற்கடை நீளம் அதிகம். இழுக்க இலகுவாக இருக்கும் என்று போன மாதம் நான்தான் டிராயிங்கை மாற்றினேன். இழுக்க இலகுவாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு இழுப்புக்கும் கை தோளுக்கு மேல் போய் வருகிறது. என் கையாலேயே அவை இரண்டையும் பழனிவேல் அண்ணனிடம் திருப்பிக் கொடுத்தேன். அவர் கைப்பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “யக்கா போவலடா இன்னும்” என்றார்.

எங்கள் தில்லையம்மாள் அவர்களே! உங்கள் பலகை காலியாக இருக்காது. வாரத்தில் இரண்டு நாள் அமிர்தம் அக்கா வந்து உட்காருவதாகச் சொல்லியிருக்கிறார். மற்ற நாட்களில் நான். வரைந்தவளோ அமிர்தம் அக்காவோ சுற்றாமல் எங்கள் வாசலை விட்டு ஒரு சக்கரம்கூட வெளியே போகாது. பட்டறைக்காரர்களே, வெள்ளைக்கோடு இல்லாத ப்ளோயர் உங்கள் பட்டறைக்கு வந்தால், அதை இறக்காமல் அப்படியே திருப்பி அனுப்புங்கள் என்று இந்தச் சபையில் உள்ள ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்கிறேன்.

கடைசியாக ஒன்று. என் கொண்டை இன்று கொஞ்சம் கோணலாக இருக்கிறது. வந்ததிலிருந்து அக்காமார்கள் சிலர் அதையே பார்க்கிறீர்கள். இன்று காலை பதினோராவது சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் போட்டது. சரியாக நிற்கவில்லை. நாளைக்கு நிற்கும்.