பைன் காட்டில் நாலு டீக்கடை

உங்கள் ஆபீஸ் டீ மோசமில்லை, மேடம். பால் கொஞ்சம் அதிகம், தூள் கொஞ்சம் பழசு, அவ்வளவுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். பைன் காட்டில் நாலு டீக்கடை இருக்கிறது, அகற்றித் தாருங்கள் என்று மலைவளைய நடைக் கழகம் உங்களுக்கு மனுக் கொடுத்திருக்கிறது. நேற்று ஜீப்பில் போய்ப் பார்த்தீர்கள். ஒன்றுதான் இருந்தது. கடைக்கார முருகேஸ்வரியிடம் கேட்டதற்கு, "நாலும் என்னுதுதாங்க. மூணப் பிரிச்சு எடுத்துட்டேன்" என்று ஒப்புக்கொண்டார். ஒரு கடைக்கு அனுமதி அட்டை வாங்கிக்கொண்டு நாலு கடை போட்டதாக நீங்களும் எழுதிக்கொண்டு, அட்டையை ரத்து செய்யப்போவதாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறீர்கள். ரத்தானால் அந்த ஒன்றையும் திங்கட்கிழமை பிரித்துவிடுவார்கள்.

அவர் சொன்னது பொய். மற்ற மூன்று கடைகள் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அவற்றை உண்டாக்கியது நான். ஒரே ஒரு ஆணியைத் தளர்த்தி உண்டாக்கினேன்.

என் பெயர் தமயந்தி. புவியியல் பட்டதாரி. எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். கழகத்தில் களப்பணியாளர் வேலை. எனக்குக் கோபம் அதிகம் என்று அங்கே பேசிக்கொள்வார்கள். நான் கோபப்படுவதில்லை. சரியானதைச் சொல்கிறேன், கொஞ்சம் சத்தமாகச் சொல்கிறேன்.

கழகம் போட்டிருக்கும் பாதை உங்களுக்குத் தெரியும். ஊரின் பச்சையையெல்லாம் கோத்து ஒரு வளையம். ஏரிக்கரையில் தொடங்கி, பூங்காவைக் கடந்து, சோலைக்குள் புகுந்து, வெள்ளகவிக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதையின் தலைமாட்டைத் தொட்டு, பேரிக்காய்த் தோட்டங்களின் ஓரமாக வந்து, பைன் காட்டைத் தாண்டி மறுபடி ஏரிக்கே இறங்கும். இரண்டு நாள் நடை. நடந்து முடித்தால் பதக்கம். வெள்ளகவிப் பெண்கள் காப்பிக்கொட்டை மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஏறிய மலை இது. அவர்களுக்கு யாரும் பதக்கம் போடவில்லை. கையை வீசிக்கொண்டு நடப்பவர்களுக்குப் போடுகிறார்கள். இதைக் கூட்டத்தில் சொன்னேன். அன்றிலிருந்துதான் கோபக்காரி.

பாதையை வரைந்தது நான். நடந்து அளந்ததும் நான். தலைவர் குருநாதன் அதைக் கம்ப்யூட்டரில் நடந்து பார்த்தார். அவர் சென்னையில் பெரிய கம்பெனியில் இருந்து ஓய்வு பெற்று, இங்கே பங்களா வாங்கி வந்தவர். வரைபடம் அச்சாகி வந்தபோது மேலே அவர் பெயர் இருந்தது. கீழே 'உள்ளூர் நண்பர்களுக்கு நன்றி' என்று இருந்தது. அந்தக் கடுப்பில் செய்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பெயரெல்லாம் எனக்குப் பெரிதில்லை.

திறப்பு நடைக்கு முந்திய கூட்டத்தில் குருநாதன் சொன்னார்: "ட்ரெயில்ல கடை கிடை எதுவும் இருக்கக் கூடாது. ப்யூர் நேச்சர். அந்தப் பைன் காட்டு டீக்கடையை முதல்ல தூக்கணும்."

பழனியிலிருந்து வரும் தண்டாயுதபாணி ஐயா, பஞ்சாமிர்தக் கடை வைத்திருந்தவர், "ஒரு கடை இருந்துட்டுப் போகட்டுமேங்க. நடக்குறவுக வாய நனைக்க வேணாமா?" என்றார்.

"ஓகே. நடந்து பார்ப்போம். தேவைன்னு தோணினா வெச்சுக்கலாம். இல்லேன்னா தூக்கிடலாம்."

அந்த இடத்தில் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்வதற்கு ஒன்று இருந்தது. முருகேஸ்வரி என் அம்மா. நான் பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷத்திலிருந்து அந்தக் கடைதான் எங்களுக்குச் சோறு. ஆனால் யாரும் கேட்கவில்லை. வேலைக்குச் சேரும்போது வீட்டில் என்ன செய்கிறார்கள் என்று குருநாதன் விசாரித்தார். பிசினஸ் என்றேன். டீக்கடையும் பிசினஸ்தானே.

என் கணக்கு எளிமையானது. கழகத்துக்காரர்கள் ஆளுக்கொரு ஃப்ளாஸ்க்கில் க்ரீன் டீ கொண்டுவருவார்கள். அதில் டீ இருக்கும்வரை காட்டுக்குள் கடை எதற்கு என்றுதான் தோன்றும். தீர்ந்தபிறகு அப்படித் தோன்றாது. ஆகவே ஃப்ளாஸ்க் தீரும்வரை அவர்களைக் காட்டுக்குள் வைத்திருக்க வேண்டும்.

கடையைத் தாண்டிச் சற்றுத் தூரத்தில் பாதை இரண்டாகப் பிரியும். இடப்பக்கம் போனால் ஏரிக்கு இறங்கலாம். வலப்பக்கம் மரம் வெட்டிய காலத்து லாரித்தடம். அது காட்டையே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, கடைக்குக் கொஞ்சம் முன்னால் மறுபடி அதே பாதையில் வந்து சேரும். ஒரு சுற்றுக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். பிரிகிற இடத்தில் மஞ்சள் அம்பு ஒன்றை அறைந்ததே நான்தான். திறப்பு நடையின் இரண்டாம் நாள் வெள்ளனே போய் ஆணியைத் தளர்த்தி, அம்பை வலப்பக்கம் திருப்பினேன். என் வேலை அவ்வளவுதான். மிச்சத்தை அவர்கள் காலே செய்தது.

திரும்பும் வழியில் கடையில் ஒரு நிமிஷம் நின்றேன். பட்டமளிப்பு விழாவில் கறுப்பு அங்கியோடு நான் எடுத்துக்கொண்ட போட்டோ தகரச் சுவரில் மாட்டியிருந்தது. அதைக் கழற்றிப் பைக்குள் வைத்தேன். "எதுக்கு தாயி?" என்றாள் அம்மா. புகை பட்டுக் கெட்டுப்போகிறது என்றேன். நாலு வருஷமாகப் புகை பட்டுக்கொண்டுதான் இருந்தது. என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டாம், தெரிந்தால் வேண்டியவர்கள் என்று சொல்லிக் கடையைத் தூக்கிவிடுவார்கள் என்றும் சொன்னேன். "சரி தாயி" என்றாள்.

பேரிக்காய்த் தோட்டத்தைத் தாண்டியதும் மேகம் இறங்கிவிட்டது. பத்தடிக்கு அப்பால் மரம் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் பயனில்லை, பைன் மரங்கள் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். குருநாதன் எல்லோருடைய செல்போனையும் ஒரு துணிப்பையில் வாங்கி என் தோளில் மாட்டினார். "நேச்சரோட கனெக்ட் ஆகணும்னா இதை டிஸ்கனெக்ட் பண்ணணும்" என்றார். இது என் திட்டத்தில் இல்லை. அவராகச் செய்துகொடுத்த உதவி.

முதல் தடவை கடையை நின்றுகூடப் பார்க்கவில்லை. "பார், எப்படி அசிங்கமா நீலத் தார்ப்பாய்" என்று கையை நீட்டிவிட்டுக் குருநாதன் நடந்தார். தண்டாயுதபாணி ஐயா மட்டும் நின்று ஒரு டீ குடித்தார்.

இரண்டாவது தடவை நாலைந்து பேர் நின்றார்கள். "இந்தக் கடை பரவாயில்லை, முன்னாடி பார்த்ததைவிட நீட்" என்றார் குருநாதன். அம்மா தூறலுக்காகத் தலையில் துண்டைப் போட்டிருந்தாள். வேறு வித்தியாசம் ஒன்றுமில்லை.

"இப்பத்தானங்கய்யா இந்தப் பக்கமாப் போனீக?" என்றாள் அம்மா. அவளுக்குப் பொய் சொல்லி வியாபாரம் செய்து பழக்கமில்லை.

குருநாதன் பக்கத்தில் இருந்தவரிடம் சிரித்தார். "பார்த்தீங்களா? ரெகுலர் கஸ்டமர்னு ஃபீல் பண்ண வைக்கிற டெக்னிக். படிக்காதவங்களுக்கு இதெல்லாம் நேச்சுரலா வந்துடும்."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் செல்போன் பையைச் சரி செய்துகொண்டேன்.

முதல் சுற்றில் ஒரு காட்டெருமை தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தது. இரண்டாவது சுற்றில் அது தலையைத் தூக்கவே இல்லை. அதற்குப் புரிந்துவிட்டது. விழுந்து கிடந்த ஒரு மரத்தை ஒவ்வொரு தடவையும் தாண்டினோம். "இந்தக் காட்டுல நிறைய மரம் விழுந்திருக்கு, பாவம்" என்றார் ஒரு அம்மணி. பாதையில் ஒரு பிஸ்கட் உறை கிடந்தது. குருநாதன் அதைக் குனிந்து எடுத்து, நம் ஜனங்களுக்கு சிவிக் சென்ஸே கிடையாது என்று கொஞ்ச நேரம் பேசினார். போன சுற்றில் அவர் தின்ற பிஸ்கட்.

மூன்றாவது தடவை ஃப்ளாஸ்க்குகள் தீர்ந்துவிட்டன. எல்லோரும் பெஞ்சுக்குச் சண்டை போட்டார்கள். ஆளுக்கு இரண்டு டீ, சுட்ட சோளம், ஆம்லெட். குருநாதன் மட்டும் சுடுதண்ணீர் போதும் என்றார். மற்றவர்கள் கடைகளை ஒப்பிட்டுப் பேசிக்கொண்டார்கள். போன கடை டீதான் டாப், இதில் இஞ்சி அதிகம் என்று ஒருவர் சொன்னார். இரண்டும் ஒரே போகிணியில் கொதித்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாமே என்று கேட்பீர்கள். ஒரு கடை தேவை என்று எல்லோருக்கும் தோன்றிவிட்டது. என் நோக்கம் முடிந்துவிட்டது. ஆனால் தலைவர் இன்னும் டீ குடிக்கவில்லை. முடிவு செய்கிறவர் அவர். தண்டாயுதபாணி ஐயா ஒவ்வொரு மரமாகக் கையை ஊன்றி ஊன்றி வந்ததைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அம்பு இருந்த இடத்தை எல்லோருக்கும் கடைசியாக நான் தாண்டினேன். கையை நீட்டினால் எட்டியிருக்கும்.

நாலாவது தடவை குருநாதன் டீ குடித்தார். கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். தண்டாயுதபாணி ஐயா பெஞ்சில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். கட்டைவிரல் நகம் முழுக்கக் கறுத்திருந்தது. அம்மா ஒரு சட்டியில் வெந்நீர் ஊற்றி உப்புப் போட்டு அவர் காலடியில் வைத்தாள். அவர் காலை உள்ளே விட்டுக்கொண்டு அம்மாவின் முகத்தைப் பார்த்தார். சுவரில் போட்டோ இருந்த இடம் சதுரமாக வெளுத்திருந்தது, அதைப் பார்த்தார்.

"ஏம்மா, காலையில நீதான எனக்கு டீ குடுத்த?"

"ஆமாங்கய்யா."

"அதுக்குப் பெறகும் நீதான?"

"ஆமாங்கய்யா."

அவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஏத்தா தமயந்தி, ஒனக்கும் இவுகளுக்கும் முகவெட்டு ஒண்ணாருக்கே. சொந்தமா?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். குருநாதனும் கிளாஸோடு பார்த்தார்.

"இல்லைங்க சார்" என்றேன். "இவங்கள இப்பத்தான் பாக்குறேன்."

அம்மா பாலைக் கிளறிக்கொண்டிருந்தாள். கரண்டி நிற்கவில்லை. "மலைக்காரவுக எல்லாருக்கும் ஒரே சாடைதாங்கய்யா" என்றாள்.

"எக்ஸாக்ட்லி" என்றார் குருநாதன். "நானே நாலு கடையிலயும் ஒரே லேடியோன்னு ஒரு செகண்ட் நினைச்சுட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தண்டாயுதபாணி ஐயா சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தி, "வெரசா முன்னாடி போயி அந்த அம்பு சரியா இருக்கான்னு பாரு தாயி. நான் இங்கனயே இருக்கேன்" என்றார். போய்த் திருப்பி வைத்தேன். அதன்பிறகு எனக்கும் அந்த விளையாட்டில் ஆர்வம் போய்விட்டது.

மதியம் ஏரிக்கரைக்கு வர வேண்டியவர்கள் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். மாலைகள் வாடிவிட்டன, பேண்டு வாத்தியக்காரர்கள் போய்விட்டார்கள். ஆனால் யாருக்கும் வருத்தமில்லை. இவ்வளவு கடினமான பாதை என்று நினைக்கவே இல்லை என்று ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டார்கள்.

அன்று வீட்டில் அம்மா காலை நீட்டிக்கொண்டு சிரி சிரியென்று சிரித்தாள். "அந்தத் தலைவரு நாலு தடவையும் என்னயப் புதுசாப் பாக்குறாருடி. பொண்ணு பாக்க வந்தவுக கூட இம்புட்டுத் தடவ பாக்கல." பிறகு, "டீத்தூளு சுத்தமாத் தீந்துபோச்சு, நாளைக்கு வாங்கணும்" என்றாள்.

அடுத்த வாரக் கூட்டத்துக்குத் தண்டாயுதபாணி ஐயா வரவில்லை. நகத்தை எடுக்க வேண்டியதாகிவிட்டது, பழனியில் வீட்டோடு கிடக்கிறார். வந்திருந்தால் கடை ஒன்றுதான் என்று சொல்லியிருப்பார்.

"டீ பிரமாதம், அதை நான் டினை பண்ணல" என்றார் குருநாதன். "ஒரு கடைன்னா நானே வெச்சுக்கலாம்னு சொல்லியிருப்பேன். ஆனா ஒரே காட்டுல நாலு கடை. இப்படியே விட்டா பஜாராயிடும். நாலையும் எடுத்துடணும்." பிறகு என்னிடம் திரும்பினார். "நீதானே ஃபீல்டு, தமா. நாலுதானே?"

நான் யோசித்தேன், மேடம். ஒன்று என்றால் எப்படி என்பார். அம்பைச் சொல்ல வேண்டியிருக்கும். அம்பை ஏன் திருப்பினாய் என்பார். அதற்கு ஒரு பதில்தான் இருக்கிறது.

"ஆமா சார், நாலு" என்றேன். மனுவில் கள சாட்சி என்ற இடத்தில் இருக்கும் கையெழுத்து என்னுடையது.

கூட்டத்திலேயே 'அது எங்கம்மா கடை' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இவ்வளவும் தேவைப்பட்டிருக்காதே என்று நினைக்கிறீர்கள். உங்கள் முகத்தில் தெரிகிறது. எனக்கு வெட்கம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். டீக்கடைக்காரி மகள் என்பதை மேடை போட்டுச் சொல்வேன். நான் சொல்லவந்தது வேறு: அவர்கள் ஒரு மனுஷியின் முகத்தை நாலு தடவை பார்த்தும் அடையாளம் தெரியாதவர்கள். அதை நிரூபித்திருக்கிறேன். அதுதான் இதில் முக்கியம்.

நேற்று நீங்கள் கேட்டபோது அம்மா நாலும் என்னுது என்று சொன்னதற்குக் காரணம், ஒன்று என்று சொன்னால் நான் மாட்டிக்கொள்வேன் என்பதுதான். நான் சொல்லச் சொல்லவில்லை. அவளாக யோசித்துச் சொன்னாள். அந்தப் பொய்யை அடித்துவிட்டு, ஒரு கடைதான், என்றைக்கும் ஒன்றேதான் என்று எழுதிக்கொள்ளுங்கள். அட்டையை அவளிடமே விட்டுவிடுங்கள். அம்பைத் திருப்பியது நான், நாலு என்று சாட்சி சொன்னது நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள்.

இதில் ஒரு நகல் கழகத்துக்கும் போகும் என்றீர்கள். தாராளமாகப் போகட்டும். ஆணி, அம்பு, நகம், பொய்ச்சாட்சி எல்லாம் அப்படியே இருக்கட்டும். அந்தக் கடைக்காரம்மா எனக்கு என்ன உறவு என்று வருகிற இடங்களை மட்டும் நகலில் எடுத்துவிடுங்கள், மேடம். வழக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.