கட்டில் காலுக்குள் ஒரு தாள்

என் கணவர் ஜெர்வஸின் சிரிப்புக்கு விலை ஆறு ஷில்லிங். நாரிச் நகரத்துக்கெல்லாம் முப்பது ஷில்லிங் சொல்லும், தலைக்கு மேலே மரக்கூரை போட்ட கட்டிலை, விதவை டார்க்கஸுக்கு இருபத்துநாலுக்கு முடித்தார். பேரம் பேசியது அவள், சிரித்தது இவர்.

"அத்தை மகளுக்கே அரை பென்னி குறைக்காத மனுஷன்," என்றேன்.

"பாவம், புருஷன் இல்லாதவ."

"எனக்கும் இல்லாத மாதிரிதான் இருக்கு."

"உனக்குத்தான் நாக்கு இருக்கே, தபித்தா. துணைக்கு அது போதும்."

கடைசல் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு, ஐயா. பெட்டி முகப்பில் அழகுக்கு ஒட்டும் அரைத்தூண்களை இரண்டிரண்டாகத்தான் செய்வார்கள். இரண்டு கட்டைகளுக்கு நடுவே தாள் வைத்துப் பசையால் ஒட்டி, ஒரே தூணாகக் கடைந்து, பிறகு தட்டினால் தாளோடு பிளந்து இரண்டு பாதியாகும். தாள் ஒட்டுவது என் வேலை. பழைய பிரசங்கத் தாள், மலிவு.

கட்டில் காலுக்குத் தாள் கிடையாது. பூசணிபோல் புடைக்கும் அந்தக் காலையும் இரண்டு மரங்களை ஒட்டித்தான் கடைவார். ஆனால் அது பிரியவே கூடாது. கூரையைத் தலைமாட்டில் பலகையும் கால்மாட்டில் இப்படி இரண்டு கால்களும்தான் சுமக்கும்; ஓக் மரக் கூரை, நாலு ஆள் கனம்.

அன்று அவர் டார்க்கஸின் அறையை மூன்றாம் முறையாக அளக்கப் போயிருந்தார். அறை வளர்ந்துவிட்டதோ என்னவோ. இரண்டு கால்களுக்கும் மரத்தை நானே ஒட்டினேன். தாளும் வைத்தேன். அவர் வந்து கடைந்தார். கருஞ்சாயம் பூசியதும் இணைப்புத் தெரியவில்லை.

ஈரமான அக்டோபரில் டார்க்கஸ் கடைக்கு வந்தாள். "அக்கா, கட்டில் கால்ல மயிரிழையா ஒரு விரிசல். அண்ணனைப் பாக்கச் சொல்லுங்க. நான் சந்தைக்குப் போறேன், கதவு திறந்துதான் இருக்கும்."

அண்ணன் என்றாள். பேரத்தில் முதலில் சொல்லும் விலையை யார் நம்புவார்?

மதியச் சாப்பாட்டின்போது அவரிடம் சொன்னேன். சாப்பிட்டுவிட்டுப் போகிறேன் என்று சொல்லியிருந்தால் தாளைப் பற்றியும் சொல்லியிருப்பேன். அந்த அளவு நியாயம் எனக்கு உண்டு.

"நான் கடைஞ்ச கால் பிளக்காதே," என்று சுத்தியலும் பசைச் சட்டியுமாக எழுந்துவிட்டார். பட்டாணிக் கூழ் ஆறியது. பசி வந்தால் பலகையைக் கடிக்கிற மனுஷன்.

விரிசலைச் சோதிக்கத் தட்டிப் பார்த்திருக்கிறார்.

அவர்மேல் விழுந்து கிடந்த கூரையைத் தூக்கியபோது காலில் காலணி, இடுப்பில் தோல் ஏப்ரன், பக்கத்தில் பசைச் சட்டி. டார்க்கஸ் அப்போது சந்தையில் முட்டை வாங்கினாள் என்று நாலு பேர் சாட்சி சொன்னார்களாம். இருக்கட்டும். காலணியைக் கழற்ற அவருக்கு நேரம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

வைத்தது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு கால், இரண்டு தாள், இரண்டு பேருக்கு. அவர் கணக்கு முடிந்தது. அவளுடையது இன்னும் நிற்கிறது.