கோச்சை ஊரில் நிறுத்திவைத்த விதம்

கணுக்காலில் ஒட்டும் டேப்பைக் கத்தரிக்கோலால் வெட்டுகிறவர்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை. இரண்டு கட்டைவிரல்களையும் ஒட்டி வைத்து, ஒன்றை முன்னும் மற்றதைப் பின்னுமாகச் சட்டென்று திருப்பினால் போதும், நேராகக் கிழிந்துவிடும். மேசையில் வைத்திருக்கிறீர்களே, அந்தச் சுருளைக் கொடுத்தால் செய்து காட்டுவேன். சரி, வேண்டாம். சாட்சிப் பொருள் என்பது புரிகிறது.

உரிம வாரியத்திலிருந்து பனியில் இவ்வளவு தூரம் வண்டி ஓட்டி வந்திருக்கிறீர்கள். அதனால் எல்லாவற்றையும் வரிசையாகவே சொல்கிறேன். ஆர்வின் நெஸ் என்பது என் பெயர். நார்டால் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து அணிக்கு நான் பிசியோ. ஆட்டத்துக்கு முன் கணுக்காலைக் கட்டுவதும், ஆட்டத்தில் விழுந்தவளை எழுப்புவதும், யார் ஆடலாம், யார் உட்கார வேண்டும் என்று சொல்வதும் என் வேலை. ஆட்டத்தைச் சொல்லிக்கொடுப்பது கோச், ஜோலீன் ஸ்ட்ராண்ட். நீங்கள் விசாரிக்க வந்திருப்பது மேரன் டோல்ஃப்சனின் காலைப் பற்றி. ஆனால் கோச்சிலிருந்து தொடங்காவிட்டால் அந்தக் கால் உங்களுக்குப் புரியாது.

சின்னக் கல்லூரி எப்படி உயிரோடு இருக்கிறது என்று நீங்கள் யோசித்திருக்க மாட்டீர்கள். இந்தப் பக்கத்துப் பண்ணைகளில் ஒவ்வொரு கொட்டகைச் சுவரிலும் ஒரு கூடை மாட்டியிருக்கும். அங்கே பந்து எறிந்து வளர்ந்த பெண் ஜெயிக்கிற அணியைத் தேடி வருவாள். அவளோடு அவள் சிநேகிதி வருவாள், அடுத்த வருடம் தம்பி வருவான். பெற்றோர்கள் குளிர்காலம் முழுக்க ஆட்டம் பார்க்க வந்து ஊரில் சாப்பிடுவார்கள், தங்குவார்கள். ஜோலீன் வருவதற்கு முன் எங்கள் அரங்கில் பாதி இருக்கைகளைத் துணி போட்டு மூடி வைத்திருந்தோம். அவர் வந்த பிறகு பாதிரியாரே நின்றுகொண்டுதான் பார்த்தார்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் இன்னொரு கல்லூரி இருந்தது. அதை மூடி, சாமான்களை ஏலம் விட்டபோது நான் போயிருந்தேன். சிகிச்சை மேசை ஒன்றை எடுத்தேன். வீட்டுக்குக் கொண்டுவந்து கவிழ்த்தபோது, அடிப்பலகையில் ஒரு பெண் ஊக்கால் தன் பெயரைச் சுரண்டியிருந்தாள். அந்தப் பெயரைப் பார்த்ததிலிருந்து, எங்கள் கல்லூரியும் இப்படிப் போய்விடுமோ என்று எனக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு அது விடவே இல்லை.

நல்ல கோச் சின்னக் கல்லூரியில் நிலைப்பதில்லை. மார்ச் மாதம் பெரிய பல்கலைக்கழகங்கள் தோற்றுவிட்டுத் தங்கள் கோச்சை வெளியே அனுப்பும். உடனே வேறு ஆளைத் தேடும். அங்கே பொறுப்பில் இருப்பவர், நன்கொடை கொடுக்கும் பழைய மாணவர்களிடம் ஒரு பெயரைச் சொல்ல வேண்டும். சொன்னதும் அவர்கள், ஆமாம், கேள்விப்பட்டிருக்கிறோம் என்று தலையாட்ட வேண்டும். வட்டாரத்தில் ஜெயிப்பவரின் பெயர் அவ்வளவு தூரம் போகாது. தேசியப் போட்டிக்குள் போய்விட்டால் போகும். அதாவது நல்ல கோச்சுக்கும் பிரபலமான கோச்சுக்கும் நடுவில் ஒரே ஒரு ஆட்டம்தான் இருக்கிறது, வட்டார இறுதி ஆட்டம். இதைக் கண்டுபிடித்ததும் எனக்கு மனசு கொஞ்சம் லேசானது. காக்க வேண்டியது ஒரே ஒரு கதவைத்தான்.

ஊரில் எல்லோருக்கும் இந்தப் பயம் உண்டு. அவர்கள் அதைச் சிரித்துக் கழித்தார்கள். இரும்புக்கடை லைல் காலைக் காப்பியில் கோச்சை விடமாட்டான்.

"கோச், கிளம்பறதா இருந்தா முன்னாடியே சொல்லிடுங்க. உங்க பனி தள்ளுற மெஷின் மேல எனக்கு ஒரு கண்ணு."

"அத எனக்கு வித்ததே நீதான் லைல். ஸ்டார்ட் ஆகாதுன்னு உனக்கே தெரியும்."

"தெரிஞ்சுதான் வித்தேன். வாசல்ல பனி அடைச்சுக்கிட்டா நீங்க எப்படி ஊர விட்டுப் போவீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். கோச் தன் ரொட்டித் துண்டை அவன்மேல் எறிந்தார். நான் மட்டும் அவன் சொன்னதில் ஒரு விஷயம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

வட்டார இறுதி வரை வந்த முதல் வருடம் நான் ஒன்றும் செய்யவில்லை. எங்கள் ஆட்டக்காரி லீடா ஹோஃபருக்கு உண்மையாகவே கணுக்கால் பிசகியிருந்தது, உண்மையாகவே உட்காரச் சொன்னேன். வட்டார இறுதியில் தோற்றோம். கோச்சை நோட்டம் விட்டுக்கொண்டிருந்த ஒரு பெரிய பல்கலைக்கழகம் அந்த வசந்தத்தில் வேறு ஒருவரை எடுத்துக்கொண்டது. கோச் வீட்டுக்குப் புதுச் சாயம் அடித்தார். நான் தினமும் அந்தத் தெருவைச் சுற்றி வண்டியை ஓட்டி, புல்தரையில் விற்பனைப் பலகை நட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தவன். சாயத்தைப் பார்த்ததும் வண்டியை ஓரமாக நிறுத்திக் கொஞ்ச நேரம் அழுதேன்.

வீட்டுச் சூடேற்றிகளில் ஒரு சின்ன உலோகப் பட்டை உண்டு. அறை குளிர்ந்தால் ஒரு பக்கம் வளைந்து நெருப்பை மூட்டும். சூடு போதுமென்றால் மறுபக்கம் வளைந்து அணைக்கும். வீட்டில் இருக்கிறவர்களுக்கு அது இருப்பதே தெரியாது. கதகதப்பாக இருக்கிறது என்பது மட்டும் தெரியும். அந்தப் பட்டை யாருக்கும் கெடுதல் நினைப்பதில்லை.

இரண்டாம் வருடம் டேப். கணுக்கால் கட்டில் கடைசியாக வருவது குதிகாலைச் சுற்றி இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டும் பட்டை. அதற்குக் குதிகால் பூட்டு என்று பெயர். மற்றதெல்லாம் தோலுக்கு ஆறுதல், கால் மடங்காமல் பிடிப்பது பூட்டுதான். நடுவில் ஆடும் உயரமான பெண்ணுக்கு வெளிப்பக்கப் பூட்டை இழுக்காமல் சும்மா ஒட்டினேன். பார்வைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. மூன்றாம் பாகத்தில் எம்பி இறங்கியபோது கால் மடங்கியது. வெறும் சுளுக்கு, கோடைக்குள் சரியாகிவிட்டது. தோற்றோம். கோச் இருந்தார்.

பருவ முடிவில் குழுப் படம் எடுத்தபோது, நான் வழக்கம்போல் ஓரமாக நின்றிருந்தேன். "ஆர்வின், அங்க என்ன பண்றீங்க? இங்க என் பக்கத்துல வந்து நில்லுங்க" என்றார் கோச். அத்தனை வருடத்தில் என்னை அந்தப் படத்துக்குள் கூப்பிட்டவர் அவர் ஒருவர்தான். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கேட்டீர்கள் என்பதால் சொல்கிறேன். கேட்கவில்லையா? சரி.

மூன்றாம் வருடம்தான் மேரன்.

மேரன் வாயாடி. மேசையில் ஏறிப் படுத்தாலே ஆரம்பித்துவிடுவாள். "ஆர்வின், உங்க கைய ஐஸ் பெட்டியிலயா வெச்சிருக்கீங்க? பொணம் தொடற மாதிரி இருக்கு." வட்டார இறுதிக்கு முந்தின நாள், முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி என்று வந்தாள். விரலால் ஒரே இடத்தைத் தொட்டுக் காட்டினாள். தசைவலி இருப்பவர்கள் உள்ளங்கையால் தடவிக் காட்டுவார்கள். ஒற்றை விரலால் காட்டினால் யோசிக்க வேண்டும்.

அதற்கு நாங்கள் இசைக்கவை வைத்திருக்கிறோம். பள்ளியில் பார்த்திருப்பீர்களே, தட்டினால் ரீங்கரிக்கும் இரண்டு கிளை உலோகம். உள்ளங்கை மேட்டில் தட்டி, காம்பை எலும்பின்மேல் வைத்தால் எலும்பு முழுக்க அதிரும். நல்ல எலும்பு என்றால் கூசும், அவ்வளவுதான். உள்ளே விரிசல் இருந்தால் அதன் இரண்டு ஓரமும் ஒன்றோடொன்று உரசும்.

மேரன் துள்ளி எழுந்து மேசையை ஓங்கி அறைந்தாள்.

"என்ன கருமம் அது?"

"கூச்சம்தான்."

"கூச்சம்னா சிரிப்புல்ல வரணும்?"

"எல்லாருக்கும் வராது."

சாக்ஸை இழுத்து மாட்டிக்கொண்டாள். "அப்போ நாளைக்கு ஆடலாமா? கோச்சுகிட்ட ஏடாகூடமா எதாவது சொல்லி உக்கார வெச்சுடாதீங்க. எங்கப்பா மாடெல்லாம் பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட விட்டுட்டு வராரு."

"ஆடலாம்" என்றேன்.

கோச்சும் கேட்டார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், அவருக்கு அது நியாயம். கதவருகில் நின்று கேட்டார். "மேரன் லேசா நொண்டற மாதிரி இருக்கே. பாத்தீங்களா?"

"பாத்தேன் கோச். தசைவலி."

"நிச்சயமா? சந்தேகம் இருந்தா சொல்லுங்க, உக்கார வெச்சுடறேன். ஆட்டம் போனா போவுது."

"நிச்சயம்."

தோற்பதுதான் வேண்டுமென்றால் உண்மையைச் சொல்லி அவளை உட்கார வைத்திருக்கலாமே என்கிறீர்கள். நல்ல கேள்வி. நானும் அதைத்தான் முதலில் யோசித்தேன். ஆனால் அந்த வருடம் கோச் ரொம்பத் தேறியிருந்தார். பிப்ரவரியில் மேரன் காய்ச்சலில் படுத்தபோது ஒரே பயிற்சியில் ஆட்டத்தையே மாற்றி அமைத்து, அவள் இல்லாமல் முன்னைவிடப் பெரிதாக ஜெயித்துக் காட்டினார். தூணை முன்கூட்டியே எடுத்துவிட்டால் வேறு இடத்தில் முட்டுக் கொடுத்துவிடுவார்கள். கூரைப் பாரம் முழுக்க ஏறிய பிறகு தூண் போனால் முட்டுக் கொடுக்க நேரம் இருக்காது. கோச்சை அவ்வளவு நன்றாகத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன்.

ஒரே ஒரு ஆட்டத்தில் எலும்பு முழுக்க ஒடியும் என்று நான் நினைக்கவில்லை. வலி கூடும், நொண்டுவாள், வேகம் குறையும், அவ்வளவுதான் நினைத்தேன். இரண்டாம் பாதியில் பந்தைப் பறித்துக்கொண்டு தனியாக ஓடினாள். அரங்கமே எழுந்து நின்றது. கூடைக்கு அடியில் காலை ஊன்றினாள். சத்தம் பின்வரிசை வரை கேட்டது. எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தது. அவள் அப்பா தடுப்பைத் தாண்டிக் குதித்து வந்தார். எல்லோருக்கும் முன்னால் போனவன் நான். கால் அசையாதபடி நான் வைத்துக் கட்டிய சட்டத்தைப் பார்த்து, இவ்வளவு சுத்தமாகக் கட்டியவர் யார் என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள்.

பிறகு சீழ் பிடித்தது. முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள்.

அந்த ஆஸ்பத்திரி நடையில் கோச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். "நான்தான் ஆர்வின். குளிர்காலம் பூரா காங்கிரீட் தரையில ஓட விட்டேன். நான்தான் அவ கால ஒடச்சேன்."

"உங்களையே வருத்திக்காதீங்க கோச்" என்றேன். இதில் பொய் ஒன்றும் இல்லை, நீங்களே பாருங்கள்.

உண்மையை அப்போதே சொல்லியிருக்கலாம். அவர் என் பக்கத்தில் இருந்தார், என் கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அதே மாதம் வேலையை விட்டார். இப்போது பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார். வாரம் ஒருமுறை மேரனைச் செயற்கைக் கால் அளவுக்கு நகரத்துக்குக் கூட்டிப்போய் வருகிறார். பனி பெய்தால் லைலின் அந்த மெஷினை எப்படியோ உதைத்துக் கிளப்பி, முதலில் மேரன் வீட்டு வாசலைத்தான் சுத்தம் செய்கிறார். போன வசந்தத்தில் ஒரு பெரிய பல்கலைக்கழகம் கூப்பிட்டதாம். இரும்புக்கடையில் நின்றபடியே போனில் பேசினாராம். "இனிமே எந்தப் பொண்ணையும் நான் ஓட வைக்க மாட்டேன்" என்று சொல்லி வைத்துவிட்டாராம். லைல்தான் சொன்னான். அவன் இப்போது காப்பிக்கடையில் வேடிக்கை எதுவும் பேசுவதில்லை.

அணி தோற்றுக்கொண்டிருக்கிறது. ஒரு விடுதியைப் பூட்டியாகிவிட்டது. இருக்கைகளின் மேல் மறுபடி துணி வந்துவிட்டது. அது வேறு விஷயம். எல்லாவற்றையும் நானே தாங்க முடியாது.

கால் பொருத்துகிறவர் மேரனிடம், ஒடிவதற்கு முன் யாராவது இசைக்கவை வைத்துப் பார்த்தார்களா என்று கேட்டிருக்கிறார். அவள், ஆமாம், வைத்தார்கள் என்று சொல்லி, மேசையை அறைந்ததையும் சொல்லியிருக்கிறாள். அவர் உங்களுக்கு எழுதினார், நீங்கள் வந்தீர்கள். நியாயம்தான். விரிசல் இருப்பது எனக்குத் தெரியும். தெரிந்தே ஆட அனுப்பினேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன். என் உரிமத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சிறைக்குப் போக வேண்டும் என்றால் அதற்கும் தயார். மேரனிடமும் அவள் அப்பாவிடமும் நீங்கள் எல்லாவற்றையும் சொல்லலாம்.

ஒரே ஒரு வேண்டுகோள். இது கோச்சுக்குத் தெரிய வேண்டாம். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். தன்மேல் தப்பில்லை என்று தெரிந்துவிட்டால் அவர் மறுபடி பயிற்சி கொடுக்கத் தொடங்கிவிடுவார், ஐயா. அப்புறம் யாராவது கூப்பிடுவார்கள். அவர் போய்விடுவார்.