கப்பல் மூச்சடக்கிய நாற்பது நிமிஷம்

"முதல்ல டீயில கை வெச்சாங்க, மூணு வேளை ரெண்டாச்சு. ரெண்டாவது, மேல்தளத்து நிழல் விஞ்ஞானிங்களுக்கு மட்டும்னாங்க. மூணாவது, சங்கத்துப் பலகையக் கழட்டி அதுல மீன் அளக்கறாங்க. நாலாவதுதான் இது, தங்கச்சி. வரிசை மாறக் கூடாது, மாறினா வழக்கே செத்துரும்."

கடற்படைக்காகக் கடலை ஆராயும் அந்தச் சின்னக் கப்பலில் கருவிகளை இறக்கித் தூக்கும் வின்ச்சு, இப்படிப் பேசியவரின் பொறுப்பு. ஊழியர் சங்கச் செயலாளரும் அவரே. சாப்பாட்டு அறை வாசலில் ஒலிப்பதிவுப் பெட்டியோடு வந்த பெண் பொறியாளரை அவர் மடக்கிக் கால்மணி ஆகிறது.

"நேத்து மைக்கைக் கடலுக்குள்ள இறக்கினது நான்தான். இறக்கிட்டா நாப்பது நிமிஷம் கப்பலே மூச்சு விடக் கூடாது. எஞ்சின் கிடையாது, ஃபேன் கிடையாது, செருப்பக் கழட்டிட்டு நடக்கணும். நடந்தோம். இப்ப பதிவுல மங்கலா மனுசச் சத்தமாம்... உடனே சமையக்காரன் ரேடியோ கேட்டான்னு நாளைக்குக் கரையில இறக்கி விடறாங்களாம். பதினெட்டு வருசம் நமக்கு ஆக்கிப் போட்டவன். விடுவேனா? என்ன நெளியறீங்க? பதிவ இப்பத்தான் சுத்தம் பண்ணி முடிச்சீங்களா? நல்லது, இருங்க, நான் முடிச்சுக்கறேன்.

"கேப்டன்கிட்ட சொன்னேன், மூடின அறை விசாரணை செல்லாது, பதிவ எல்லார் முன்னாடியும் போடுங்க, குரல் யாருதோ அவன் மூட்டை கட்டட்டும்னு. கையெழுத்தே வாங்கிட்டேன். முப்பது வருசத்துல இப்படி ஒரு வெற்றி இல்ல. எல்லாம் வாய்ப்பழக்கம், தங்கச்சி. மனுவ வாய்விட்டு வாசிச்சுப் பழகணும். நேத்துகூட, நாப்பது நிமிஷம் வீணாப் போகுதேன்னு கீழ்த்தளத்துச் சங்கிலி அறையில உக்காந்து, பழைய மனுவ நாலு தடவ வாசிச்சேன். சுத்தியும் இரும்பு, அதுக்கு அந்தப் பக்கம் தண்ணி. தண்ணி போய் யார்கிட்ட சொல்லப் போகுது?"

அவள் மறுபடியும் வாயைத் திறந்தாள். உள்ளேயிருந்து கேப்டன் கூப்பிட்டார். நழுவி உள்ளே போனாள். செயலாளரும் பின்னாலேயே போய் சமையல்காரர் தோளில் கை போட்டு நின்றார். "தைரியமா இருப்பா" என்றார்.

பெட்டியில் முதலில் தண்ணீர் இரைந்தது. பிறகு ஒரு குரல், தெளிவாக:

"முதலாவதாக, தேநீர்."

அறையில் பதினோரு பேர். சமையல்காரர் தோளிலிருந்த கை மெல்ல இறங்கியது. இரண்டாவதாக நிழல் வந்தது. மூன்றாவதாகப் பலகை வந்தது. வரிசை மாறவில்லை.

கடைசியில் "இப்படிக்கு" என்று நிறுத்தி, கேட்பவர் காதில் பதியும்படி, அந்தக் குரல் செயலாளருடைய பெயரை நிதானமாக இரண்டு முறை வாசித்தது.