பழைய கிணற்றில் கண்ட வெள்ளைக் காரை

1973-ம் வருடம் மார்ச் மாதம் 11-ம் தேதி ஞாயிற்றுக்கிழமை, பகல் 11 மணி 40 நிமிடம். கிணற்றுக்குள் ஆள் ஒருவர், மேலே ஆள் ஒருவர். கிணற்றுக்குள் இறக்கிய ஆசிட் ஜாடி இரண்டு, அதில் ஊற்றியது ஒன்றரை. இதை முதலில் எழுதிக்கொள்ளும்படி நான்தான் கேட்டேன். பெயர் விலாசம்தான் முதலில் வரவேண்டும் என்று ஏட்டையா சொன்னார். பெயர் எங்கேயும் போகாது, மணியும் எண்ணிக்கையும் கலைந்துபோகும் என்று சொன்ன பிறகு எழுதிக்கொண்டார்.

என் பெயர் சனாவுல்லா, வயது 24, தகப்பனார் பெயர் மீரா சாகிப். கோவை ஜில்லா திருப்பூரை அடுத்த நல்லூரில் பெற்றோருடன் குடியிருந்து வருகிறேன். பாலிடெக்னிக்கில் ஜவுளிப் பதனிடும் படிப்பில் டிப்ளமோ பெற்றவன். 1970-ம் வருடம் முதல் நொய்யல் கரையில் கைருதீன் என்பவருக்குச் சொந்தமான சலவைப் பட்டறையில் சூப்பர்வைசராக வேலை பார்த்து வருகிறேன். பனியன் துணியைப் பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் வெளுப்பதும், ஆசிட்டில் அலசுவதும், பிறகு துணியில் தங்கும் குளோரினை ஹைப்போ தண்ணீரில் போக்குவதும் அங்கு நடக்கும் வேலை.

மேற்படி பட்டறையில் தொட்டி வேலை பார்க்கும் கந்தவேல் என்பவரை எனக்கு இரண்டு வருடமாகத் தெரியும். வயது 41 இருக்கும், சொந்த ஊர் குண்டடம். அவர் மனைவி அமராவதி பனியன் கம்பெனி ஒன்றில் பிசிறு நூல் வெட்டுகிறார். எங்கள் பட்டறைக்குத் துணி ஏற்றி வரும் மாட்டுவண்டிக்காரர் காங்கேயம் ரத்தினசாமி கந்தவேலுக்குச் சிநேகிதர். எங்கள் மூவருக்குள் முன்விரோதம் எதுவும் கிடையாது.

கடந்த தை மாதம் ரத்தினசாமி தன் ஊரில் மாட்டுக் கொட்டகைக்குக் குழி தோண்டும்போது கிடைத்த காசு ஒன்றைக் கொண்டு வந்து என்னிடம் காட்டினார். அதில் யாரோ ஒரு ராஜாவின் தலை தேய்ந்து இருந்தது. நான் அதைத் தராசில் எடை போட்டு, தண்ணீரில் முக்கி மறுபடி எடை போட்டு, வெள்ளி என்று சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். அவர்கள் இருவரும் அதைக் கடல் கொள்ளைக்காரன் காசு என்று எடுத்துக்கொண்டார்கள்.

இன்ஸ்பெக்டர் ஐயா, கதையைத் தாங்கள் கேட்டபடியால் சொல்கிறேன். மலையாளக் கரையில் கப்பல்களை மறித்த ஒரு கொள்ளைக்காரன், தன்னைத் துரத்தி வந்தவர்களுக்குப் பயந்து, பதினாறு பொதிமாடுகளில் வெள்ளியும் பொன்னும் ஏற்றிக்கொண்டு பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து, நொய்யல் கரையில் ஒரு கிணற்றில் இறக்கி, மேலே சுண்ணாம்புக் காரை போட்டு மூடி, மாடு ஓட்டி வந்தவர்களை அங்கேயே வெட்டிக் காவலுக்கு வைத்துவிட்டுப் போனான் என்பது கதை. எங்கள் பட்டறைக்குப் பின்னால் தண்ணீர் வற்றிக் கைவிட்ட பழைய கிணறு ஒன்று உள்ளது. அதன் உட்சுவர்க் கல் ஒன்றில் மீன் செதுக்கியிருக்கிறது. மீன் என்றால் கடல், ஆகவே அந்தக் கிணறு இதுதான் என்று ரத்தினசாமி முடிவு செய்தார்.

நான் இதை நம்பவில்லை. நம்பாததற்குக் காரணமும் சொன்னேன். நம் பக்கத்துக் கிணறுகளில் மீன் செதுக்குவது வழக்கம், அதற்குக் கடல் வேண்டாம் என்றேன். பழைய காசு கிடைத்தால் அந்த வழியாகப் போன வியாபாரி எவனோ தொலைத்தது என்றுதான் அர்த்தம் என்றேன். கொள்ளையடித்தவன் செலவு செய்வானே தவிரப் புதைக்க மாட்டான், அப்படியே புதைத்தாலும் கடற்கரையில் புதைக்காமல் நூறு மைலுக்கு மேல் சுமந்து வருவானா என்று கேட்டேன். அதற்குக் கந்தவேல் சிரித்துக்கொண்டு, "கடக்கரையில பொதச்சா கடக்கரையிலதானுங்க தம்பி தேடுவாங்க. இங்க வந்து எவன் தேடுவான்? இத்தன படிச்ச நீங்களே நம்ப மாட்டீங்கறீங்களே, அவன் கெட்டிக்காரனுங்க" என்றார். ஓட்டி வந்தவர்களை எல்லாம் வெட்டிவிட்டான் என்றால் கதையை ஊருக்குச் சொன்னது யார் என்று மடக்கினேன். அதற்கு ரத்தினசாமி, "மாடு சொல்லுச்சுங்க. ஆளில்லாம பதினாறும் முதுகுல புண்ணோட ஊடு வந்து சேந்துச்சு. காங்கேயத்து மாடு போன வழிய மறக்குமுங்களா?" என்றார். தொட்டிக்காரர்கள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. அதன் பிறகு வண்டி வரும் போதெல்லாம் இதே பேச்சாக இருந்தது. பொய் என்று நிரூபிக்க நான் காசின் எடை முதல் பாலக்காட்டுத் தூரம் வரை எல்லாம் சொல்லியிருக்கிறேன்.

அதன் பிறகு, பழைய கிணற்றில் விழுந்து கிடக்கும் கல்லை எடுத்துக்கொள்கிறோம் என்று அவர்கள் முதலாளியிடம் கேட்க, அவரும் சரி என்றார். மூன்று ஞாயிற்றுக்கிழமை இறங்கிக் கல்லும் சாம்பலும் மண்ணுமாக ஐந்து அடி எடுத்தார்கள். எதற்கு எடுக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். கேலி செய்தேன், தடுக்கவில்லை.

இப்போது சொல்வது முக்கியமானது. 1970-ம் வருட மழையில் கூரை ஒழுகி, பிளீச்சிங் பவுடர் டிரம் பத்தொன்பது நனைந்து கெட்டுப்போயின. அவற்றை மேற்படி பழைய கிணற்றில் கொட்டி, மேலே கொதிகலன் சாம்பலும் மண்ணும் போட்டு மூடியது நான். நானே நின்று எண்ணிக் கொட்ட வைத்தேன். அது நனைந்து, இறுகி, வெள்ளைப் பாறை போல ஆகிவிடும். கந்தவேல் வேலைக்குச் சேர்ந்தது அதற்கு அடுத்த வருடம். ரத்தினசாமியும் அப்போது எங்களுக்கு வண்டி ஓட்டவில்லை. ஆகவே அவர்கள் இருவருக்கும் இது தெரியாது. கொட்டிய ஆட்கள் இப்போது பட்டறையில் இல்லை, முதலாளிக்கும் எனக்கும் மட்டுமே தெரியும்.

சனிக்கிழமை மாலை 5 மணி சுமாருக்கு நான் பம்பில் வாஷர் மாற்றிக்கொண்டிருந்தபோது கந்தவேல் ஒரு வெள்ளைக் கட்டியைத் துண்டில் பொதிந்து கொண்டு வந்து, "இது காரைதானுங்களா தம்பி?" என்று கேட்டார். கை முழுக்க கிரீஸ் இருந்ததால் நான் அதைத் தொடவில்லை. பார்த்துவிட்டு, சுண்ணாம்புதான் என்றேன். அது தவறான பதில் இல்லை, கெட்டுப்போன பிளீச்சிங் பவுடரில் பெரும்பகுதி சுண்ணாம்பே. ஆனால் முகத்தருகே கொண்டுபோயிருந்தால் வாடையிலேயே எனக்குத் தெரிந்திருக்கும். அவருக்கு அந்த வாடை தெரியாது. பகலெல்லாம் அதே வாடையில் நிற்பவருக்கு எப்படித் தெரியும்? அதன் பிறகு அவர், நாளை லீவு நாளில் தொட்டியில் படிந்த சுண்ணாம்பைத் தேய்க்க இரண்டு ஜாடி ஆசிட் வேண்டும் என்று கேட்டார். தொட்டியின் உட்புறம் சுண்ணாம்பு ஏடு கட்டுவதும், மாதம் ஒருமுறை ஆசிட் ஊற்றி அதை இளக்கித் தேய்ப்பதும் எல்லாச் சலவைப் பட்டறைகளிலும் உள்ள வழக்கம். நான் ஆசிட் அறைச் சாவியைக் கொடுத்தேன். சாவி திருட்டுப் போகவில்லை. நான் கொடுத்தேன். எந்தத் தொட்டி என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் ஞாயிறு, பம்பு ஒழுகுகிறதா என்று பார்க்க நான் 11.30 மணிக்குப் பட்டறைக்குப் போனேன். முதலாளி ஈரோடு போயிருந்தார். ஹைப்போ தொட்டி தவிர மற்றத் தொட்டிகள் எல்லாம் காய்ந்து கிடந்தன. எதிலும் ஆசிட் ஊற்றிய ஈரம் இல்லை. அது ஏன் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது பின்புறமிருந்து ரத்தினசாமி இருமிக்கொண்டு, கண்ணைப் பொத்திக்கொண்டு ஓடி வந்து, "காவல் மூச்சு உட்டுருச்சுங்க, கந்தவேலு மேல வல்லீங்க" என்றார். அப்போது என் கைக்கடிகாரத்தில் மணி 11.40.

ஓடிப்போய்ப் பார்த்தேன். இருபத்திரண்டு அடிக்குக் கீழே மஞ்சளும் பச்சையுமாகப் புகை தண்ணீர் போலப் படுத்திருந்தது. அதற்குள் கந்தவேலின் தலைத்துண்டு மட்டும் தெரிந்தது. பார்த்த உடனே என்ன நடந்தது என்று எனக்குப் புரிந்துவிட்டது. பிளீச்சிங் பவுடரில் ஆசிட் விழுந்தால் குளோரின் வரும் என்பது முதல் வருடப் பாடம்.

அதன் பிறகு ஹைப்போ தொட்டியில் பனியன் துணியை நாலு மடிப்பாக நனைத்து மூக்கிலும் வாயிலும் கட்டிக்கொண்டு, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு படிக்கல்லைப் பிடித்து இறங்கினேன். பன்னிரண்டாவது படியில் கண் திறக்க முடியாமல் மேலே ஏறிவிட்டேன். அதன் பிறகு துணியை மறுபடி நனைத்து, கண்ணை மூடிக்கொண்டு படியை எண்ணியே இறங்கினேன். கந்தவேல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இன்னொரு கயிற்றை அவர் கக்கத்தில் கொடுத்துக் கட்டினேன். அந்த நேரத்தில் ஒருமுறை கண் திறந்தேன். வெள்ளைக் காரையில் ஒரு முழம் அகலத்துக்கு ஆசிட் ஊற்றி இளக்கி, தொட்டியைத் தேய்ப்பது போலவே ஓரமெல்லாம் பிசிறில்லாமல் தேய்த்து வைத்திருந்தார்.

மேலே ரத்தினசாமி கயிற்றை, முன்பு மாடு கட்டித் தண்ணீர் இறைத்த கவலைக் கட்டையின் உருளையில் போட்டு, மறுமுனையைத் தன் வண்டி மாடுகளின் நுகத்தில் கட்டி, கண்ணில் நீர் வடிய, கவலை ஓட்டுவது போல மாட்டை முன்னால் ஓட்டினார். கந்தவேல் மேலே வந்தபோது மணி 11.49. உதடு நீலமாக இருந்தது, வாயில் நுரை. வாடகைக் காரில் திருப்பூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்து கோவைக்கு அனுப்பிவிட்டார்கள். நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது, இரண்டு நாள் தாண்டினால்தான் சொல்ல முடியும் என்று டாக்டர் சொன்னார். இந்த வாக்குமூலம் எழுதும் இன்று 12-ம் தேதி காலை 10.15 வரை அவர் கண் விழித்ததாகத் தகவல் இல்லை.

நேற்று மாலை கோவை ஆஸ்பத்திரி வராந்தாவில் அமராவதி அம்மாள் என்னிடம் பேசினார். அழவில்லை. அவர் கேட்டது ஒன்றுதான். "உள்ள எறங்கினீங்களே தம்பி, பொட்டி கிட்டி ஏதாச்சும் தெம்பட்டுச்சுங்களா?" நான் பதில் சொல்வதற்குள் அவரே, "பொய்யின்னு மட்டும் சொல்லிப் போடாதீங்க சாமி. வெறும் பொய்க்காவ அவரு எறங்குனாருன்னு நான் எப்படிங்க வெச்சுக்கறது?" என்றார். இரண்டு மாதமாக அது பொய் என்று வண்டிக்காரர் முதல் தொட்டிக்காரர் வரை சொல்லி வந்தவன் நான். அந்த அம்மாளிடம் எனக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை. தண்ணீர் வாங்கி வருகிறேன் என்று எழுந்து போய்விட்டேன்.

கிணற்றுக்குள் கடைசியில் என்னதான் இருக்கிறது என்று தாங்களும் ஏட்டையாவும் தனித்தனியே கேட்டீர்கள். பத்தொன்பது டிரம் பிளீச்சிங் பவுடர் இருக்கிறது. அதற்குக் கீழே மண். மண்ணுக்குக் கீழே தெரியாது. தெரியாது என்பதால் உண்டு என்று ஆகாது. நேற்று இரவு நான் கோவையிலிருந்து திரும்பியபோது பட்டறைச் சுற்றுச்சுவருக்கு வெளியே நாற்பது பேருக்குக் குறையாமல் நின்றார்கள், காவல் மூச்சு விட்டதால் புதையல் நிச்சயம் என்று அவர்கள் பேசிக்கொண்டதை என் காதால் கேட்டேன். அரை ஜாடி ஆசிட் இன்னும் கீழேயே இருக்கிறது.

இந்த ஆசிட் கிணற்றுக்குப் போகிறது என்று எனக்குத் தெரியாது. ஆனால் தெரிந்துகொள்ள ஒரே ஒரு கேள்வி போதும். கொள்ளைக்காரன் கதை பொய் என்று மணிக்கணக்கில் பேசிய நான், அந்தக் கிணற்றில் என்ன கொட்டியிருக்கிறது என்று ஒரு வரி சொல்லவில்லை. கதையைத் தோற்கடிக்க அந்த ஒரு வரி தேவைப்படவில்லை, அதனால் நினைவுக்கே வரவில்லை. இதை யாரும் என்னை மிரட்டிச் சொல்லவைக்கவில்லை. ஏட்டையா இருமுறை வாசித்துக் காட்டினார், என் தொண்டை கட்டியிருந்ததால் ஓரிடத்தில் "அரை ஜாடி" என்பதை "நிறை ஜாடி" என்று எழுதியிருந்ததைத் திருத்திக்கொண்டேன். மற்றதெல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது, நடந்தபடியே இருக்கிறது. கையெழுத்துக்கு முன் இதையும் சேர்க்கக் கேட்டுக்கொண்டேன். இங்கிருந்து போனதும் நான் செய்யப் போவது:

1. தங்கள் உத்தரவு கிடைத்தால், பட்டறைக்குப் போய் நீற்றிய சுண்ணாம்புக் கரைசலை மேலிருந்தே ஊற்றி ஆசிட்டை முறித்து, மூன்று வண்டி மண் அடித்துக் கிணற்றை மூடுவது. அதுவரை இரண்டு போலீஸ்காரர்களை அங்கு நிறுத்தும்படி கேட்டுக்கொள்கிறேன். இல்லாவிட்டால் இன்னொருவர் இறங்குவார்.

2. ஆசிட் அறைச் சாவியை முதலாளியிடம் ஒப்படைப்பது.

3. பன்னிரண்டு மணி பஸ்ஸில் கோவைக்குப் போய், வாயுவின் பெயர், கந்தவேல் அதற்குள் இருந்த நேரம் ஒன்பது நிமிடத்துக்குக் குறையாது என்பது, இரண்டையும் டாக்டரிடம் எழுதிக் கொடுப்பது.

4. அமராவதி அம்மாளின் பக்கத்தில் உட்காருவது. அவர் வீட்டுக்காரர் தேய்த்தது காரைதான் என்று நினைத்துத் தேய்த்தார், அப்படி நினைக்கச் சொன்னது நான் என்று சொல்வது. கந்தவேல் கண் விழிக்கும்வரை காத்திருந்து சொல்லலாம் என்று இராத்திரி முழுக்க நினைத்தேன். விழிக்காமல் போனால் யாரிடம் சொல்வது? ஆகவே இன்றைக்கே சொல்வது.

(ஒப்பம்) மீ. சனாவுல்லா
12.3.1973