கேக்காத கேள்விக்கு மறுப்பு

...இல்ல, நீங்களே சொல்லுங்க சார், இது நியாயமா? என் போட்டோவை எங்க மாட்டியிருக்காங்க பாருங்க. பாத்ரூம் போற வழியில! கதவைத் தொறந்தா என் மூஞ்சி அப்படியே மறைஞ்சு போயிடுது. போறவன் வர்றவன் எல்லாம் கையை உதறிட்டுப் போறான். பேர் பெத்த பல்கலைக்கழகமாம், இதழியல் துறையாம், "நமது பெருமைக்குரிய மாணவர்கள்"னு தலைப்பு வேற!

இந்தத் துறையில இடம் கிடைக்கிறதுன்னா அப்போ சும்மாவா? எங்கப்பா தெரு பூரா சொல்லிட்டு வந்தாரு, என் மகன் உண்மையை எழுதப் போறான்னு. எழுதினேன் சார், இல்லேங்கல. அப்புறம் கல்யாணம் ஆச்சு. மாமனார் கேட்டாரு, "மாப்பிள்ளை, உண்மைய எழுதினா அதுக்கு மேல என்ன பதவி குடுப்பாங்க?"ன்னு. வந்துட்டேன் ஆஸ்பத்திரிக்கு. மக்கள் தொடர்பு அதிகாரி. மக்களுக்கும் எனக்கும் என்ன தொடர்புன்னு மட்டும் கேட்டுடாதீங்க...

நான் மட்டுமா? அதோ, சிவப்பு டை கட்டிக்கிட்டு கேக்கை முழுங்குறானே, பத்திரிகை சுதந்திரம்னு உண்ணாவிரதம் இருந்தவன். இப்ப சிமெண்ட் கம்பெனிக்கு வாழ்த்துரை எழுதுறான். பக்கத்துல நிக்கிறாளே, டிவியில தினம் கத்துறவ... வகுப்புல வாயே தொறக்க மாட்டா சார்! எல்லாத்தையும் சேர்த்து வச்சிருந்திருக்கா!

ஆனா மூக்கு இருக்கா பாருங்க... அவ பேரே எங்களுக்கு மூக்குதான். எங்க என்ன கருகினாலும் மோப்பம் புடிச்சிடுவா. அவ போட்டோ எங்க? வாசல் கூடத்துல! விளக்கெல்லாம் போட்டு! இன்னிக்கு விழாவே அவளுக்குத்தானே. விருதாம். எதுக்கு? என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டதுக்கு!

நடந்தது என்னன்னா... எங்க டயாலிசிஸ் வார்டுல, கிட்னி கெட்டவங்களுக்கு ரத்தம் சுத்தம் பண்றாங்கல்ல, அந்த மெஷினுக்கு வர்ற தண்ணிக்கு ஃபில்டர் மாத்தலை. மேலிடம் அப்புறம் பாத்துக்கலாம்னுச்சு. கொஞ்சப் பேருக்கு குளிர் ஜுரம். கட்டிலோட சேர்ந்து ஆடினாங்கன்னு நர்ஸ் சொன்னா. வெளிய ஈ காக்காய்க்குத் தெரியாது.

எனக்குத்தான் ஒரே யோசனை... எவனாவது எழுதிட்டா? எங்க பேராசிரியர் தொண்டை கிழியக் கத்துவாரு, "முந்திக்கோடா! செய்தியில ரெண்டாவது வந்தவன் தபால்காரன்!"னு. முந்திக்கிட்டேன். எல்லாப் பத்திரிகைக்கும் ஒரு அறிக்கை. "எங்கள் டயாலிசிஸ் பிரிவின் தண்ணீரால் நோயாளிகள் யாருக்கும் எந்தப் பாதிப்பும் இல்லை."

சிரிக்கிறீங்களா? இல்லையா... மூஞ்சி ஒரு மாதிரி போச்சு, அதான் கேட்டேன்.

கேளுங்க. எல்லாப் பத்திரிகையிலயும் நம்ம துறை ஆளுங்கதான். அப்படியே போட்டாங்க! அவசரத்துல நான் ஒரு துணைக்காலை விட்டுட்டேன், 'பாதிப்பு'ங்கிறதை 'பதிப்பு'ன்னு அடிச்சுட்டேன். "நோயாளிகள் யாருக்கும் எந்தப் பதிப்பும் இல்லை." அதையும் அப்படியே போட்டான் சார்! ஒருத்தன் மட்டும் போன் பண்ணி, ஆஸ்பத்திரி முகப்பு போட்டோ அனுப்புன்னான். அதோட சரி.

அப்புறம் இந்த மூக்கு போன் பண்றா, அவளும் பத்திரிகைக்காரிதானே. "பாதிப்புன்னு யாருடா சொன்னா?" யாரும் சொல்லலையேன்னேன். "அப்ப எதுக்குடா மறுக்கிறே?"

பாடம் எடுக்கிறா சார். எனக்கு! வாயை வச்சே பொழைக்கிறவனுக்கு! என்னமோ உளறினேன். "சரி, வை"ன்னா. சாயந்திரமே வந்து வார்டு வாசல்ல உக்காந்துட்டா. நோயாளி வீட்டாளுங்க ஒவ்வொருத்தர்கிட்டயா பேசி... முதல் பக்கம் சார்! விசாரணை, சோதனை, வார்டையே இழுத்து மூடிட்டாங்க. மேலிடம் நழுவிடுச்சு. என்னைக் கூப்பிட்டு, "யாருமே கேக்காத கேள்விக்கு உன்னை யாருய்யா பதில் சொல்லச் சொன்னா?"ன்னாங்க. இப்ப வீட்லதான் உக்காந்திருக்கேன். பொண்டாட்டி பேசறதில்லை. மாமனார் பேசறாரு, அதுதான் தாங்கல.

கூடப் படிச்சவ சார்! என் டிபன் பாக்ஸ்ல பாதியைத் தின்னவ! என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? இப்பத்தான் கேட்டேன். "உன்கிட்டதானேடா முதல்ல கேட்டேன்"ங்கிறா.

சரி, நான் பாட்டுக்குப் பேசிட்டே இருக்கேன். நீங்க எந்த வருஷம்? ...இங்க படிக்கலையா? ஓ, விருந்தாளி. யாரு கூப்பிட்டா? ...மூக்கா! அவளை உங்களுக்கு எப்படி...

வார்டு வாசல்லயா?

யாருக்கு... அம்மாவுக்கா? ...இப்ப எப்படி இருக்காங்க சார்?

...ஓ. எப்ப சார்?

அது வந்து... நான் என்ன சொல்ல வந்தேன்னா, அந்தத் தண்ணியால... இல்ல. இல்ல சார். ஒண்ணும் இல்ல.

மேடையில யாரையோ கூப்பிடுறாங்களே... உங்களையா? மைக்ல பேசப் போறீங்களா? சார், ஒரு நிமிஷம்... இப்ப பேசினதெல்லாம் நமக்குள்ள சார்... நமக்குள்ள... சார்!